மேற்குப் பக்க யன்னல்

எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு மேசை இருக்கிறது. அதன் ஒரு காலுக்குக் கீழே மடித்த கடதாசிமட்டை வைத்திருக்கிறோம். வீட்டைக் கூட்டும்போது யாராவது அதைத் தள்ளிவிட்டால் உம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு நாளும் மேசையில் ஒரு தட்டை வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் சேர்கிறது என்று பார்த்த பிறகுதான் அவர் வேலையைத் தொடங்குவார். கண்ணாடியில் பூசும் பெயின்ட் தண்ணீரைப் போல ஓடும். மேசை சற்றுச் சரிந்திருந்தாலும் பூவிதழின் சிவப்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் வெளிறியும் காய்ந்துவிடும்.

இந்த மேசைதான் எங்கள் தொழிற்சாலை. வேலை செய்பவர்கள் இருவர்: உம்மாவும் நானும்.

வாப்பா அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தும் வேலை செய்தவர். 2021 கடைசியில் ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர் நடக்கத் தொடங்கியபோது நாட்டில் வேலை இல்லை. 2022ஆம் ஆண்டை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலம் அது. சீமெந்து விலையைக் கேட்டவர்கள் பாதியில் நின்ற சுவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். சுவர் எழும்பாத வீட்டுக்கு யார் கண்ணாடி போடுவார்?

உம்மா கலியாணத்துக்கு முன்னர் பெண்களுக்கான ஒரு வகுப்பில் கண்ணாடி ஓவியம் பழகியிருந்தார். அந்தக் காலத்தில் அவர் செய்த இரண்டு படங்கள் எங்கள் முன்ஹோலில் தொங்குகின்றன. வாப்பாவின் கட்டிலுக்குக் கீழே, அவர் வேலைத்தலங்களிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துண்டுகள் பழைய பத்திரிகையில் சுற்றியபடி கிடந்தன. அந்த வருடம் றமழானில் ஒருநாள் சஹருக்கு எழும்பியபோது, மெழுகுதிரி வெளிச்சத்தில் உம்மா அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன்.

தெரியாதவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் கண்ணாடியைக் கழுவி, ஸ்பிரிற்றால் துடைத்து, கைரேகைகூட இல்லாமல் ஆக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடும். கடதாசியில் வரைந்த சித்திரத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, அவுட்லைனர் எனும் கறுப்புப் பசையை ட்யூபிலிருந்து பிதுக்கிக் கோடு இழுப்போம். ஈயக்கோடு போலத் தெரியும் அந்தக் கோடுதான் வரம்பு. வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படி. எங்காவது ஒரு மயிரிழை உடைப்பு இருந்தால் நீலம் பச்சைக்குள் போய்விடும். கோடு காய்ந்த பிறகு நிறத்தைத் துளித்துளியாக விட்டு வரம்புவரை நிரப்ப வேண்டும். தூரிகையால் இழுத்தால் கீறல் தெரியும். குமிழி வந்தால் ஊசியால் குத்த வேண்டும். பிறகு ஒரு கடதாசிப் பெட்டியால் மூடிவிட்டு, மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை மதிக்காதவை இரண்டு: என் தம்பி, மற்றது நுளம்பு. ஒரு நுளம்பு மஞ்சளில் விழுந்தால் மூன்று நாள் வேலை போச்சு.

அறபு எழுத்து வேலைக்கு உம்மாவிடம் தனிச் சட்டங்கள் உண்டு. எழுத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்தில், தலைகீழாகப் பிரதிபலிக்கும் விதமாக எழுதுவோம். முன்னால் நின்று பார்ப்பவருக்குப் பளபளப்பான கண்ணாடியும் அதற்குப் பின்னால் எழுத்தும் தெரியும். இடமிருந்து வலமாகப் புரண்டு நிற்கும் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் பழகிய கண்ணுக்கும் தெரியாது. ஆனால் புள்ளி மாறினால் சொல்லே மாறிவிடும். அதனால் உம்மா வுழூ இல்லாமல் அந்த வேலையைத் தொடமாட்டார். முடிந்ததும் கண்ணாடியைத் திருப்பி வைத்து, நான் ஒருமுறை ஓத வேண்டும். பிறகு பக்கத்து வீட்டு ஹாபிழ் நானா ஒருமுறை பார்க்க வேண்டும். பிழைத்துப்போனால் குப்பையில் போட முடியாது. உம்மா அந்த எழுத்தை டர்பன்டைனால் மெதுவாகத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில், மல்லிகைக்கு அப்பால் மதிலோரத்தில் ஊற்றுவார். நேரே மல்லிகையின் அடியில் ஊற்றினால் டர்பன்டைனுக்குச் செடி பட்டுவிடும் என்பதை ஒரு செடியைக் கொன்ற பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

உயிருள்ளவற்றை வரைவதில்லை என்பது இன்னொரு சட்டம். கொழும்பிலிருந்து ஒருவர் மயில் கேட்டார். அதற்கு நல்ல விலையும் சொன்னார். உம்மா மறுத்துவிட்டு, வேண்டுமானால் மயிலிறகு மட்டும் செய்து தருகிறேன் என்றார். அவர் சம்மதித்தார். எனக்கு முழு மயிலிலும் விருப்பம்தான் என்பதை இங்கே மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் பக்கத்து வீடுகள், பிறகு வட்ஸ்அப் மூலம் வெளியூர்கள் என்று ஓடர் வரத் தொடங்கியது. 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவான ஒரு சட்டகத்தை 2023இல் 3,500 ரூபாவுக்குக் கொடுத்தோம். சட்டகம், கண்ணாடி, பெயின்ட், பெட்டி எல்லாம் போக 1,400 ரூபா அளவில் மிஞ்சும். அதை மூன்று நாள் வேலைக்குப் பிரித்துப் பார்க்கக் கூடாது. கணக்குக் கொப்பி என்னிடம்தான் இருந்தது. வட்ஸ்அப்பில் பேசுவதும் நான்தான். 'கையால் செய்த ஸ்டெய்ன்ட் கிளாஸ்' என்று விளம்பரத்தில் எழுதியதும் நான்தான். உம்மா எப்போதும் 'கண்ணாடிப் பெயின்டிங்' என்றுதான் சொல்வார். அது எனக்குக் கொஞ்சம் மலிவாகப் பட்டது.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் ஒரு மாமி வீட்டுக்கு வந்தார். எங்கள் பகுதியில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அது சரியா பிழையா என்று இந்தச் சஞ்சிகையிலேயே எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. நான்கு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. எல்லாம் முடிந்து யன்னல்களுக்கு மேலே உள்ள பேன்லைட்டுகள் மட்டும் வெறுமையாக இருந்தன. ஆறு பேன்லைட்டுக்கும் பூவேலைக் கண்ணாடி போட வேண்டும் என்றார். ஒன்று 4,000 ரூபா வீதம் 24,000. எங்களுக்கு அதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய ஓடர்.

"ஹோல் மேற்குப் பக்கம் மகள். அஸருக்குப் பிறகு வெயில் நேர அடிக்கும். கலர் உள்ளுக்கு விழுந்தா வடிவா இரிக்கும் எண்டுதான். மங்காதுதானே?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உம்மா அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் வந்த புதுப் பெயின்ட் போத்தல்கள் மேசையில் இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் அன்று காலையில்தான் வாசித்திருந்தேன். அலங்காரத்துக்கு மட்டும், வீட்டுக்குள்ளே பயன்படுத்தவும், நேரடி வெயிலைத் தவிர்க்கவும் என்பது அதன் சாரம். உம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"கிளாஸ்தானே மாமி. மங்காது" என்றேன்.

இஸ்லாம் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த ஒரு சம்பவம் இருக்கிறது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு, அந்த வியாபாரியிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி. அதைப் பரீட்சையில் நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் முழுப் புள்ளி.

ஆறு கண்ணாடியும் ஐந்து வாரத்தில் முடிந்தன. கொடியும் செம்பருத்தியும் உள்ள வேலை. உண்மையைச் சொன்னால் அவை வடிவாகத்தான் இருந்தன. கலியாணத்தன்று பின்னேரம் நாங்கள் போனபோது, புதுப்பெண் இருந்த கதிரைக்குக் கீழே நிலத்தில் சிவப்பும் பச்சையும் விழுந்திருந்தது. பிள்ளைகள் அந்த நிறத்தில் கையை வைத்து வைத்து விளையாடினார்கள். யாரோ உம்மாவைக் காட்டி, "இவதான் செஞ்ச" என்றார். உம்மா வெட்கப்பட்டு ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தக் காசில் வாப்பாவின் ஒரு மருந்துக் கணக்கு அடைந்தது. எனக்கு டியூஷன் கட்டணமும் கட்டியாயிற்று.

2024 றமழானுக்குச் சில நாள் முன்னர் அந்த மாமியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. செம்பருத்தி இளஞ்சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் இருந்தது. ஒரு மூலையில் பச்சை தோல் போல உரிந்து சுருண்டிருந்தது. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "இதுக்கு என்ன செய்றது மகள்?" கோபமாக எழுதியிருந்தால் எனக்குப் பதில் எழுத இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் உம்மாவிடம் படத்தைக் காட்டினேன். மாமா அப்போது வீட்டில் இருந்தார். "வித்த சாமான்தானே. ஒன்பது மாசத்துக்குப் பிறகு யாரு பொறுப்பு? அவங்க என்னத்தப் போட்டுத் துடைச்சாங்களோ" என்றார். உம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு போத்தலை எடுத்து என்னிடம் தந்தார்.

"இதுல என்ன எழுதியிரிக்கி மகள்? ஒரு சொல்லும் விடாம வாசி."

வாசித்தேன். தமிழில் சொன்னேன்.

"இத முந்தியே வாசிச்சியா?"

"ஓம் உம்மா."

"எப்ப?"

"அந்த மாமி ஓடர் தந்த அண்டைக்கு."

உம்மா ஏசவில்லை. போத்தலை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தார். அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும், "நீயே சொல்லு. நான் பக்கத்துல நிப்பன்" என்றார்.

அந்த வீட்டில் எனக்குக் காத்திருந்தது நான் நினைத்த விடயமல்ல. நாங்கள் உள்ளே போனதும் மாமி மகளைப் பார்த்து, "இந்தா வந்துட்டாங்க, நீயே கேளு" என்றார். பிறகுதான் விளங்கியது. நிறம் போனதற்குக் காரணம் மகள்தான் என்று எட்டு மாதமாக அந்த வீட்டில் கதை நடந்திருக்கிறது. புது வீட்டை வைத்துப் பராமரிக்கத் தெரியாதவள், வினாகிரி போட்டுத் துடைத்துக் கெடுத்தவள். நான்கு வருடம் கட்டிய வீட்டை நான்கு மாதத்தில் பாழாக்கியவள். அந்த ராத்தா தூணோடு சாய்ந்து நின்றிருந்தார். "நான் தண்ணியாலதான் துடைச்ச" என்று மெதுவாகச் சொன்னார். அதைப் பலமுறை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

நான் எப்படிச் சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. போத்தலில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அதை வாசித்துவிட்டுத்தான் மங்காது என்று சொன்னேன் என்றும் சொன்னேன். மாமி என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த ராத்தா எழும்பிப் போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்தக் கிளாசை வாங்கும்போதுதான் என் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"ஆறையும் மாத்தித் தாறம். காசு வேணாம்" என்றார் உம்மா. எதைக் கொண்டு மாற்றுவது என்று அவருக்கும் அப்போது தெரியாது.

பாடசாலை நூலகத்தில் கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்தேன். இரசாயனவியல் ஆசிரியையிடமும் கேட்டேன். எங்கள் பெயின்ட் கண்ணாடிக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தோல் மட்டுமே. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த நிறத்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். சாதாரண யன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் மறிக்கும். மிச்சம் உள்ளே வந்துவிடும். வீட்டு அவனில் 160 பாகையில் 40 நிமிடம் சுடும் ஒரு வகைப் பெயின்ட் இருக்கிறது. அது கழுவுவதைத் தாங்கும். ஆனாலும் அதுவும் கண்ணாடியோடு உருகி ஒன்றாவதில்லை.

நான் விளம்பரத்தில் எழுதிய ஸ்டெய்ன்ட் கிளாஸ் வேறு ஒன்று. அதில் நிறம் கண்ணாடியை உருக்கும்போதே உள்ளே போடப்படுகிறது. கோபால்ட் சேர்த்தால் நீலம், இரும்பு சேர்த்தால் பச்சை, தங்கம் சேர்த்தால்கூட ஒருவகைச் சிவப்பு வருமாம். அதற்குமேல் தூரிகையால் வரையும் கறுப்பு, கபிலக் கோடுகள் அரைத்த கண்ணாடியும் உலோக ஒட்சைட்டும் கலந்தவை. 600 பாகைக்கு மேல் சூளையில் வைத்தால் அவை உருகிக் கண்ணாடியின் பகுதியாகிவிடும். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் மஞ்சள், கறை பிடித்தது போல உள்ளேயே ஊறிவிடும். 'ஸ்டெய்ன்' என்றால் கறைதானே. ஐரோப்பியத் தேவாலய யன்னல்களில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மஞ்சள் வருகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எகிப்திலும் சிரியாவிலும் பாத்திரங்களுக்கு அதைப் பூசியிருக்கிறார்கள். மம்லூக்குகளின் காலத்தில் கெய்ரோப் பள்ளிவாசல்களில் தொங்கிய கண்ணாடி விளக்குகளைப் படத்தில் பார்த்தேன். விளக்கும் கண்ணாடியும் பற்றி வரும் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தை அவற்றில் எழுதிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். அறுநூறு, எழுநூறு வருடமாகியும் நீலம் நீலமாகவே இருக்கிறது. எங்கள் சிவப்பு ஒன்பது மாதம் தாங்கவில்லை.

சூளை வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. இதை ஒருநாள் இரவு சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். யெமனில் ஸன்ஆ நகரத்து வீடுகளில் 'கமரிய்யா' என்று ஒரு யன்னல் இருக்கிறது, அதில் பெயின்டே இல்லை, நிறக்கண்ணாடித் துண்டுகளை ஜிப்சச் சாந்துக்குள் பதித்திருக்கிறார்கள் என்று கொப்பியில் வரைந்து காட்டினேன். ஈரானில் ஷீராஸ் நகரத்தில் 1888இல் கட்டி முடித்த நஸீருல் முல்க் பள்ளிவாசலில் மரச்சட்டத்துக்குள் நிறக்கண்ணாடி வைத்திருப்பதையும் சொன்னேன். காலையில் வெயில் வந்தால் கம்பளம் முழுக்க நிறமாகிவிடும்.

வாப்பா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார்.

"மரச்சட்டமெண்டா நம்மளாலயும் ஏலும்" என்றார்.

விழுந்ததற்குப் பிறகு வாப்பா கண்ணாடி வெட்டும் கட்டரைத் தொட்டதில்லை. எங்கள் சட்டகங்களுக்குக்கூடக் கடையில்தான் வெட்டி எடுத்தோம். ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை. மறுநாள் அவர் அலுமாரிக்கு மேலிருந்து கருவிப்பெட்டியை இறக்கச் சொன்னார். கட்டரின் சில்லு துருப்பிடித்திருந்தது, புதிதாக வாங்கினோம். நீலம், பச்சை, தேன் நிறம் மூன்றிலும் நிறக்கண்ணாடி கல்முனையில் கிடைத்தது. சிவப்புக் கிடைக்கவில்லை.

நான் எட்டு முனை நட்சத்திரம் வரைந்து வைத்திருந்தேன். வாப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்ணாடியை உள்நோக்கி மடியும் மூலையில் வெட்ட முடியாது. கீறிய கோடு நேரே ஓடி மறுகரையில்தான் நிற்கும். நட்சத்திரம் வேண்டுமானால் அதைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் வேண்டும். கடைசியில் நடுவில் மூலையில் நிற்கும் ஒரு சதுரம், சுற்றி நான்கு முக்கோணம் என்று முடிவாயிற்று. ஒரு பேன்லைட்டுக்கு ஐந்து துண்டு, மொத்தம் முப்பது.

கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை இழுக்க வேண்டும். இழுக்கும்போது துணி கிழிவது போல ஒரு மெல்லிய சத்தம் வரும். சத்தம் இடையில் நின்றால் அந்த இடத்தில் கோணலாக உடையும். விட்ட இடத்தில் மறுபடி இழுக்கக் கூடாது. இதையெல்லாம் வாப்பா எனக்குச் சொல்லித் தந்தார். முப்பதை எடுக்க நான்கு உடைந்தன. மூன்று என் கணக்கு, ஒன்று அவருடையது. உடைந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "பரவால்ல, அடுத்ததத் தா" என்றார். நீண்ட நேரம் நிற்க முடியாததால் ஸ்டூலில் இருந்தபடியே வெட்டினார். சட்டங்களை எங்கள் தெருவிலிருக்கும் தச்சர் மரத்தில் செய்து தந்தார். எல்லாமாக 19,000 ரூபாவும் நான்கு வாரமும் போயிற்று. என் டியூஷன் இரண்டு மாதம் நின்றது. அதை யாரும் எனக்குத் தண்டனை என்று சொல்லவில்லை. காசு இல்லை, அவ்வளவுதான்.

பெருநாளைக்குப் பிறகு அவற்றைப் பொருத்தினோம். பழைய கண்ணாடிகளை உம்மா வீட்டுக்கு எடுத்து வந்தார். செம்பருத்தியும் இல்லை, கொடியும் இல்லை, சிவப்பும் இல்லை. மாமிக்கு அது கொஞ்சம் மனக்குறைதான். "முந்தினது வடிவு" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. அந்த ராத்தா மட்டும் ஒரு நாற்காலியில் ஏறி, நனைத்த துணியால் நீலத் துண்டை அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

அதன்பிறகு எங்கள் ஒவ்வொரு சட்டகத்தின் பின்னாலும் ஒரு தாள் ஒட்டுகிறோம். உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது: 'இது பெயின்ட் பூசிய கண்ணாடி. சூளையில் சுட்டதல்ல. வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் மங்கும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.' விளம்பரத்திலும் ஸ்டெய்ன்ட் கிளாஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்தத் தாள் ஒட்டுவதற்கு முந்திய மாதம் பதினொரு சட்டகம் விற்றிருந்தோம். அடுத்த மாதம் நான்கு. "மத்தவங்க எல்லாரும் மங்காது எண்டுதானே சொல்றாங்க, நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று ஒருவர் கேட்டார். மாமாவும் ஏறக்குறைய அதையே கேட்டார். ஆறேழு மாதமாகியும் பதினொன்றுக்குத் திரும்பவில்லை. நல்ல மாதமென்றால் ஏழு போகும். வாப்பாவின் நிறக்கண்ணாடிப் பேன்லைட்டுக்கு இதுவரை இரண்டு வீட்டு ஓடர் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் இன்னும் பாதிக் காசு தரவில்லை.

அந்தத் தாளில் 'மங்கும்' என்று எழுதினோமே தவிர, எந்த நிறம் எத்தனை நாளில் என்று எங்களுக்கும் தெரியாது. கேட்பவருக்கு என்ன சொல்வது? அதனால் ஒரு நீளக் கண்ணாடித் துண்டில் எங்களிடமுள்ள ஒன்பது நிறத்தையும் வரிசையாகப் பூசினேன். பாதியை அலுமினியத் தாளால் மூடி, அடுப்படி மேற்கு யன்னலில் கட்டி வைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு தாளைத் தூக்கி, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதுகிறேன். உம்மா கைவேலையை விட்டு வந்து பார்ப்பார். வாப்பாவும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வருவார். றோஸ் ஐந்தாவது கிழமையிலேயே போய்விட்டது. சிவப்பு எட்டாவதில் தளர்ந்தது. ஊதாவில் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மஞ்சள் பற்றி எங்களுக்குள் கருத்து வேற்றுமை. வாப்பா மங்கிவிட்டது என்கிறார், உம்மா இல்லை என்கிறார்.

நேற்று இருபத்து மூன்றாவது வெள்ளி. மாரி தொடங்கி வெயில் குறைந்துவிட்டதால் இந்தக் கிழமைகளைத் தனியாக அடையாளமிட்டிருக்கிறேன். கடும் நீலமும் பச்சையும் இன்னும் அப்படியே நிற்கின்றன.